கப்பல் பட்டியலில் செங்கல்பட்டு ஜில்லா

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்திறங்கிய 342 பேர்தான் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கென ஒப்பந்தத்தில் போன முதல் இந்தியர்கள். 1911-இல் இந்தப் போக்குவரத்து நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் தரப்பட்டது. அந்த எண்ணுக்கு நேராக அவரைப் பற்றிய விவரம் கப்பல்வாரியாகப் பதிவேட்டில் ஏறியது.

கிராமத்திலிருந்து ஆள் திரட்டிய ஏஜென்ட் அவர்களை அதிகாரி முன் நிறுத்திப் பதிய வேண்டும். பிறகு சென்னையில் டிப்போ எனப்பட்ட குடியேற்ற முகாமில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். குடியேற்றப் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் கிடைத்த பிறகே கப்பல் ஏறலாம். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. கூலி முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும்.

பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எனப் பல பத்திகள் உண்டு. ட்ரூரோ போன்ற தொடக்க காலக் கப்பல்களில் சாதிப் பத்தி குழப்பமானது. தமிழரை 'மலபார்' என்றும் தெலுங்கரை 'ஜென்டூ' என்றும் அதில் எழுதினார்கள்; கிறிஸ்தவர் என்ற மதப் பெயரும் அதே பத்தியில்தான். வயது பெரும்பாலும் பார்த்தவுடன் போட்ட மதிப்பு. உடல் அடையாளத்தை மட்டும் கவனமாகவே குறித்தார்கள்: முழங்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம், முகத்தில் அம்மைவடு.

இத்தனை விவரம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில், அந்தத் தொழிலாளியின் சட்ட நிலையில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போவது குற்றம். ஓடிப்போனவரைப் பிடித்தால் இன்னார்தான் என்று உறுதி செய்யத் தழும்பும் மச்சமும் வேண்டும். யாரிடம், எந்தத் தோட்டத்தில் வேலை என்பதும் எண்ணோடு சேர்த்தே குறிக்கப்பட்டது. ஆளைக் கட்டிவைக்க எழுதிய கணக்கு இது. வம்சம் தேடுவோருக்கு அது உதவும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக் கடந்து அமெரிக்கா போனவர்களுக்கும் பட்டியல் இருந்தது. 1819-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, கப்பல் தலைவர் பயணிகளின் பெயர், வயது, பால், தொழில், நாடு ஆகியவற்றை எழுதிச் சுங்க அதிகாரியிடம் தர வேண்டும். நாடு என்ற இடத்தில் 'அயர்லாந்து' என்று ஒரே சொல் இருக்கும். ஊர்ப் பெயர் அபூர்வம். அவர்கள் விருப்பப்படி போனவர்கள், இறங்கியபின் யாரும் பின்தொடரவில்லை. அதனால் அயர்லாந்துக்காரரின் பேரப்பிள்ளைக்குப் பாட்டன் ஊர் தெரியாமல் போகலாம். செங்கல்பட்டுக்காரரின் கொள்ளுப்பேரனுக்குத் தாலுகாவரை தெரிந்துவிடும்.

அட்லாண்டிக்கைக் கடந்த தமிழர்களும் உண்டு. 'ஒரெலி' என்ற கப்பல் 1853 மே 6 அன்று புதுச்சேரியிலிருந்து கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கை அடைந்தது. 1854 டிசம்பரில் அதே கப்பல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கும் இந்தியர்களைக் கொண்டு சேர்த்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் இந்தப் பயணம் மாதக் கணக்கில் நீளும். 1880-கள்வரை மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் போனார்கள். இவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின்னால் கூட்டமாகப் போனவர்களுக்கு இவ்வளவு விரிவான ஆள்வாரிப் பதிவு இல்லை.

நேட்டால் பட்டியல்களில் வட ஆற்காடு, செங்கல்பட்டு, தென் ஆற்காடு ஜில்லாக்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏரிப்பாசனத்தை நம்பிய வறண்ட தாலுகாக்கள் இவற்றில் நிறைய. மழை பொய்த்த வருஷம் கூலிக்காரருக்கு வேலை இல்லை. 1876-78 பெரும் பஞ்சம் செங்கல்பட்டு ஜில்லாவையும் வாட்டியது. எட்டு ஆண்டு நின்றிருந்த நேட்டால் போக்குவரத்து 1874-இல் திரும்பத் தொடங்கியிருந்த நேரம் அது.

பட்டியலில் ஊரைத் தேடும்போது அன்றைய ஜில்லா எல்லையை நினைவில் வைக்க வேண்டும். உதாரணமாக, உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களைத் தேடுபவர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தேடக் கூடாது. அன்றைக்கு அப்படியொரு மாவட்டம் இல்லை. உத்திரமேரூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகாவில் இருந்தது. ஆங்கில ஆவணங்களில் அது 'உத்தரமல்லூர்' என்று வரும். காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்'. சிற்றூர்ப் பெயர்களோ எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. உரக்கப் படித்துப் பார்த்தால்தான் பல ஊர்கள் பிடிபடும். ஆட்பெயரும் அப்படியே: முனுசாமி 'மூன்சாமி' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார், நாயக்கர் 'நாய்க்கர்' ஆனார். இன்றைய டர்பன் தொலைபேசிப் புத்தகத்தில் இவை குடும்பப் பெயர்கள்.

வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா இந்தப் பட்டியல்களை வைத்தே 1860-1902 காலத்து நேட்டால் குடியேற்றத்தை ஆராய்ந்து 1991-இல் நூல் வெளியிட்டார். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையத்தில் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவுகளை யுனெஸ்கோ 2011-இல் தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது; மொரீஷியஸ் பதிவுகள் 2015-இல் சேர்ந்தன. மொரீஷியஸ் பதிவுகளில் 1860-களிலிருந்து புகைப்படமும் உண்டு, அது நேட்டாலில் கிடைக்காத வசதி.

சொந்தச் செலவில் கப்பல் ஏறிய வணிகர்கள் இந்தப் பட்டியல்களில் இல்லை. அவர்களின் சந்ததியினர் கடை உரிமம், வழக்கு ஆவணம் என்று வேறு வழியில் தேட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் போனவர்களின் சந்ததியினரோ வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கப்பல் பட்டியலின் நகலையே மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்ததற்குச் சான்றாக இணைக்கிறார்கள்.