ஒரு டாக்டர் உருவாக எவ்வளவு செலவு?

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. தமிழகத்தில் அதே நாளில் இன்னும் 10 கல்லூரிகள் பிறந்தன. மாவட்ட மருத்துவமனையோடு சேர்த்து ஒரு கல்லூரி எழுப்ப மத்திய அரசுத் திட்டம் போட்ட மதிப்பீடு 325 கோடி ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 195 கோடி, மாநிலத்தின் பங்கு 130 கோடி. ஆண்டுக்கு 100 இடங்கள் என்றால், ஓர் இடத்துக்கு மூன்றேகால் கோடி!

மாணவர் கட்டுவது எவ்வளவு? அரசுக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் நீடித்த வருடக் கட்டணம் 13,610 ரூபாய். இதைக் கொண்டு மூன்றேகால் கோடியை அடைக்க 2,300 ஆண்டுகளுக்கு மேலாகும். சங்க காலத்திலேயே வசூலைத் தொடங்கியிருக்க வேண்டும். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அந்தக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது.

கட்டடம் ஒருமுறைச் செலவு. அன்றாடம் வார்டில் நடக்கும் பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விடை, நோயாளியின் படுக்கை அருகிலேயே இருக்கிறது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மரவள்ளிக் காட்டில் பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜன் 2 மில்லி ரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார். பிறகு சாய்த்துப் பார்க்கிறார். உறையாமல் வழிந்தால், விரியன் வகை விஷம் ரத்தத்தின் உறையும் திறனைக் கெடுத்துவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து. வழக்கமாக 10 குப்பிகளில் தொடக்கம். பக்கத்தில் நிற்கும் உதவிப் பேராசிரியர் சிகிச்சையும் தருகிறார், பாடமும் நடத்துகிறார். சம்பளம் ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் மருத்துவமனைச் செலவு!

ஹவுஸ் சர்ஜன் காலம் ஓராண்டு. மகப்பேறுக்கு 7 வாரம், சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம் என்று துறை துறையாகச் சுற்ற வேண்டும். அவருக்கு மாத உதவித்தொகை உண்டு. மாணவராகக் கற்றுக்கொண்டே வார்டின் வேலையையும் அவர் சுமக்கிறார்.

இந்தப் பயிற்சிக்கென்றே தனியாகப் பணம் தரும் நாடும் உண்டு. அமெரிக்காவில் முதியோர் காப்பீடான மெடிகேர், 1965-இல் உருவான நாள் முதல், மருத்துவமனைகளின் பயிற்சிச் செலவுக்கும் பணம் தருகிறது. பயிற்சி மருத்துவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம்மிடம் பயிற்சிச் செலவின் பெரும்பகுதி சிகிச்சைச் செலவுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அதனால் வார்டுக்கு மருந்து வாங்கினாலும், காலிப் பணியிடத்தில் ஒரு பேராசிரியரை நியமித்தாலும், நோயாளிக்குச் செய்த அதே செலவில் அடுத்த தலைமுறை டாக்டருக்கும் பாடம் கிடைத்துவிடுகிறது.