ஷட்டரைத் தூக்க முடியாத காலை

வரி, உரிமம், தராசு முத்திரை என்று நம் இதழில் பயனுள்ளவை நிறைய வருகின்றன. நான் எழுத வந்தது தோள்பட்டையைப் பற்றி. மூட்டை தூக்கி வளர்ந்த நமக்கு இதுவும் தொழில் சங்கதிதான்.

மதுரை கீழமாசி வீதிக்கு அருகில் எங்கள் மளிகைக் கடை. எனக்கு வயது 53. பையனாக இருந்தபோது கேரியரில் சீனி மூட்டை கட்டி, தெருத்தெருவாகச் சில்லறைக் கடைகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டவன். கல்லாவில் உட்கார்ந்த பிறகு சைக்கிளும் போயிற்று, இடுப்பளவும் போயிற்று. 46 வயதில் சர்க்கரை இருக்கிறது என்றார் டாக்டர். மறுபடியும் சைக்கிளை எடுத்தேன். முதலில் பத்துக் கிலோமீட்டர், பிறகு ஐம்பது, பிறகு நீள்தூர ஓட்டம்.

இது பந்தயம் இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300 என்றால் 20 மணி, 400 என்றால் 27 மணி, 600 என்றால் 40 மணி. முதலில் வருபவருக்குப் பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்தால் கணக்கு நேர், அவ்வளவுதான். பிரான்சில் 1891இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தில் 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதைக் கனவு என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். ஆனால் 600 வரை போய்விட வேண்டும் என்று மனத்தில் இருந்தது.

2023 நவம்பரில் 300 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று. பரமக்குடி தாண்டி, மழை ஒதுக்கிய மணலில் சக்கரம் வழுக்கி, வலது தோள் தரையில் அடிபட விழுந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "முறியவில்லை" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், ஒன்றுமே இல்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். தெரிந்த ஒருவர் கட்டுப் போட்டு, கையை ஆட்டாமல் வைத்திரு என்றார். ஐந்து வாரம் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

கட்டைப் பிரித்த மறுநாள் அதிகாலை ஷட்டரைத் தூக்கப் போனேன். கை மார்பளவுக்கு மேல் எழவில்லை. பல்லைக் கடித்து முயன்றால் கண்ணில் தண்ணீர் வந்தது. எதிர்க்கடைப் பையன் வந்து தூக்கிவிட்டான். முப்பது வருடத்தில் என் கடையை இன்னொருவர் திறந்தது அன்றுதான்.

அப்புறம்தான் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து விளக்கினார். இடுப்பு மூட்டு, குடத்துக்குள் வைத்த பந்து போல ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. தோள் அப்படி இல்லை, சின்னத் தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம் போன்றது. அது உருண்டு விழாமல் நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் மேல்நாண் எனக்குப் பாதி கிழிந்திருந்தது. நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதற்கு மேல், ஆட்டாமல் வைத்ததில் மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிட்டது. இதைத்தான் "உறைந்த தோள்" என்கிறார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் அதிகம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அடிபடாமலேகூட வரும். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல இளகுவது என்று ஒன்றிலிருந்து மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும்.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பட்டால் தெரியும். வேட்டியை இறுக்கிக் கட்ட முடியவில்லை. முதுகுப் பக்கம் சட்டையை இழுத்துவிட முடியவில்லை. மீனாட்சி சன்னதியில் எல்லாரும் தலைக்கு மேல் கை குவிக்க, நான் மார்போடு நிறுத்திக்கொண்டேன். இரவு அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போச்சு. வீட்டுக்காரம்மா அதிகாலையில் வந்து கடை திறந்து, ஏழரைக்குத்தான் சமையலுக்குப் போனார்கள். சரக்கு விலை அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தோளில் ஓர் ஊசி போட்டார்கள். வலி குறைந்தது. ஆனால் ஸ்டீராய்டு ஊசி சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். எனக்கும் ஏறியது. சர்க்கரை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

மீதி எல்லாம் உடற்பயிற்சிதான். குனிந்து நின்று, கையைக் கிணற்று வாளிபோல் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. சுவரில் விரல்களால் மேலே ஏறுவது. கோல் பிடித்துக் கையை வெளிப்பக்கம் திருப்புவது. கடையில் அப்பா காலத்துத் தராசு தொங்கிய கொக்கி இன்னும் இருக்கிறது. அதில் சின்னக் கப்பி மாட்டிக் கயிறு போட்டு, இடது கையால் இழுத்து வலது கையை உயர்த்தினேன். சுவரில் விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்துத் தேதி எழுதுவேன். சில வாரம் கோடு ஏறவே இல்லை. ஒரு வாரம் இறங்கியது.

இறங்கியதற்கு நான்தான் காரணம். நீள்தூரம் ஓட்டுபவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வலித்தால் இன்னும் மிதி என்பது. அதே புத்தியில் ஒருநாள் பரண் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். பத்து இரவு தூங்கவில்லை. பயிற்சி தரும் அம்மா திட்டித் தீர்த்துவிட்டார். கடன் பாக்கிக்காரரை நாம் எப்படி நடத்துவோம்? கழுத்தைப் பிடித்தால் அடுத்த தெரு வழியாகப் போவார். சும்மா விட்டால் வாராக் கடன். வாரம் தவறாமல் போய் நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டும். தோளும் அப்படித்தான் கொடுத்தது. லேசாக வலிக்கும்வரை இழுக்கலாம், அந்த வலி இரவுவரை நீடித்தால் மறுநாள் குறைக்க வேண்டும். இதுதான் அவர் எனக்குச் சொன்ன அளவு.

சைக்கிள் தொடாத அந்த மாதங்களில் வைகைக் கரைப் பக்கம் தினமும் ஒரு மணி நேரம் நடந்தேன். நடையால் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. தோள் இளகியதும் அதற்குப் பிறகுதான்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் லோடுமேன் அண்ணனைக் கவனித்தேன். அறுபதை நெருங்குகிறார். சீனி மூட்டை 100 கிலோவாக வந்த காலத்திலிருந்து சுமக்கிறார். இப்போது 50 கிலோதான். ஒருநாள் துண்டை இடது கையால் தோளில் போட்டுக்கொண்டார். "வலது கை என்னண்ணே ஆச்சு?" என்றேன். "ரெண்டு வருசமா தலை சீவுறதே இந்தக் கையிலதான் முதலாளி" என்றார். எனக்கு ஐந்து வாரம் உட்காரக் கல்லா இருந்தது. அவருக்கு ஒருநாள் உட்கார்ந்தால் கூலி இல்லை. அதனால் சொல்லவில்லை. இரண்டு வருடமாக என் கண்ணெதிரில் அந்தக் கையால் என் மூட்டைகளைச் சுமந்திருக்கிறார்.

அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போனேன். அவருக்கும் நாண் கிழிசல், என்னுடையதைவிடப் பெரியது. இனி தலைக்கு மேல் சுமை கூடாது என்றார்கள். இப்போது அவர் எங்கள் கடையில் சரக்கு எண்ணி இறக்கும் பொறுப்பில் இருக்கிறார், மாதச் சம்பளத்தில். கூடுதல் செலவுதான், மறைப்பதற்கில்லை. சரக்குக் குறைவுப் புகார் நின்றதில் பாதி திரும்பி வந்தது.

கடையையும் மாற்றி அடுக்கினோம். எண்ணெய் டின், அரிசிச் சிப்பம் எல்லாம் இடுப்பு உயரத்தில். அப்பளம், சேமியா போன்ற இலேசானவை மேல்தட்டில். மூட்டை நகர்த்த ஒரு தள்ளுவண்டி. முன்பு வெல்லச் சிப்பத்தைப் பரணில் ஏற்றி வைத்தவர்கள் நாங்கள். ஏன் என்று கேட்டால் அப்பா வைத்தார் என்பதைத் தவிர பதில் இல்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தோளிலோ இடது கையிலோ வலி வந்து, கூடவே நெஞ்சழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது இதயமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விழுந்து பதினான்கு மாதம் கழித்து, 2025 ஜனவரியில், 200 கிலோமீட்டர் ஓட்டினேன். தோளில் பாரம் விழாதபடி ஹேண்டில்பாரை உயர்த்தி வைத்திருந்தேன். 13 மணி 5 நிமிடம் ஆனது, கெடுவுக்கு 25 நிமிடம் மீதி. பரமக்குடி தாண்டிய அந்த இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அதில் நான்கு நிமிடம் போயிற்று.

சுவரில் சாக்பீஸ் கோடுகள் இன்னும் இருக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன். கொக்கியில் கப்பியும் கயிறும் அப்படியே தொங்குகின்றன. காலையில் கடை திறந்ததும் லோடுமேன் அண்ணன் முதலில், நான் அடுத்து. ஆளுக்கு இருபது இழுப்பு.