வேலியில்லா வயல்களின் ஊர்: லாக்ஸ்டன்

நிலத்தை ஏக்கர் என்றும் சென்ட் என்றும் அளப்பது நமக்குப் பழகிப்போன வழக்கம். தூரத்தைப் பர்லாங் கணக்கில் சொல்லிய தலைமுறையும் இன்னும் நம்மிடையே உண்டு. இச்சொற்கள் பிறந்த இடம் இங்கிலாந்து நாட்டின் பழைய உழவு வயல்களே. எருதுகள் பூட்டிய கனமான கலப்பையைத் திருப்புவது கடினமாதலால், அந்நாட்டு உழவர்கள் இடையில் நிறுத்தாமல் ஒரே நேர்ச்சாலாக நெடுந்தூரம் உழுதனர். அச்சாலின் நீளமே பர்லாங். அஃதாவது 220 கஜம். அந்த நீளமும் 22 கஜ அகலமும் கொண்ட துண்டு ஓர் ஏக்கர். ஓர் ஏர்க்குழு ஒரு நாளில் உழக்கூடிய நிலம் அது என்பது பழங்கணக்கு. அந்த ஏக்கரை நூறாகப் பகுத்ததே நம் பத்திரங்களில் காணும் சென்ட்.

இத்தகைய நீண்ட துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, இடையில் வேலி ஏதுமின்றி ஊரார் அனைவரும் ஒரே ஒழுங்கில் பயிரிட்டு வந்த வயல்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் பரந்து கிடந்தன. இன்று அவை ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிட்டன. டெவன் மாவட்டத்துப் பிரான்டன், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் போன்ற சில இடங்களில் அவற்றின் எச்சம் காணப்படுகிறது. எனினும் வயல்களோடு அவற்றை ஆளும் ஊர்மன்றமும் சேர்ந்து உயிரோடிருக்கும் ஊர் நாட்டிங்கம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் ஒன்றே. பொதுநிலத்தைப் பாதுகாப்பது எங்ஙனம் என்ற வினாவில் அக்கறையுள்ள எவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஊர் அது.

ஊரும் சுற்றுப்புறமும்

நியூவார்க் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவில் லாக்ஸ்டன் அமைந்துள்ளது. மேற்கே ஷெர்வுட் காட்டின் மணற்பாங்கான நிலம். கிழக்கே டிரென்ட் ஆற்றின் பள்ளத்தாக்கு. இரண்டிற்கும் இடையே கனத்த களிமண் மேடுகளும் சிறு ஓடைகளும் கொண்ட பகுதி இது. 1086-ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னர் எடுப்பித்த டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே இவ்வூரின் பெயர் இடம்பெற்றுள்ளது. நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு ஊருக்கு வடக்கே இன்றும் நிற்கிறது. ஊர் நடுவே புனித மைக்கேல் தேவாலயம் உள்ளது. ஷெர்வுட் காட்டின் காவற்பொறுப்பை வகித்த எவரிங்கம் குடும்பத்தாரின் கல்லறைச் சிற்பங்களை அங்கே காணலாம்.

ஊரின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. பண்ணை வீடுகள் வயல்களிடையே சிதறிக் கிடவாமல் தெருவோரமாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டின் பின்னும் நீண்ட தோட்டம். உழுநிலம் ஊருக்கு வெளியே. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இராமல் பல இடங்களில் துண்டு துண்டாக இருந்தமையால், எல்லோருக்கும் பொதுவான நடுவிடத்தில் குடியிருப்பதே வசதியாயிற்று.

சுற்றுப்புறத்தில் தொழில்கள் வந்தும் போயும் உள்ளன. அண்டை ஊரான ஈக்ரிங்கில் 1939-ஆம் ஆண்டில் எண்ணெய் கண்டறியப்பட்டு, போர்க்காலத்தில் மும்முரமாக இறைக்கப்பட்டது. மேற்கிலிருந்த ஆலர்டன் நிலக்கரிச் சுரங்கம் 1994-லும், தோர்ஸ்பி சுரங்கம் 2015-லும் மூடப்பட்டன. லாக்ஸ்டனின் கோதுமை வயல்களோ பழைய ஒழுங்கிலேயே உழப்பட்டு வருகின்றன.

மூன்று வயல்களின் முறை

மேலை வயல், மில் வயல், தெற்கு வயல் என மூன்று பெருவயல்கள் இவ்வூரில் உள்ளன. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 480 ஏக்கர். ஒவ்வோர் உழவருக்கும் மூன்று வயல்களிலும் துண்டுகள் உண்டு. இதற்குக் காரணம் எளிது. ஓராண்டில் ஒரு வயலில் குளிர்காலத்திற்கு முன் கோதுமை விதைக்கப்படும். இரண்டாவது வயலில் வசந்த காலத்தில் பார்லி, அவரை போன்றவை பயிராகும். மூன்றாவது வயல் தரிசாக ஓய்வு பெறும். மறு ஆண்டில் இம்முறை ஒரு படி நகரும். ஒருவருடைய நிலம் முழுவதும் ஒரே வயலில் இருக்குமானால், மூன்றாண்டுக்கு ஒருமுறை அவர் விளைச்சலின்றி நிற்க நேரும். துண்டுகள் பரவியிருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் எல்லோருக்கும் கோதுமை உண்டு. நல்ல மண்ணும் ஈர மண்ணும் எல்லோருக்கும் பகிரப்படுகின்றன.

அறுவடை முடிந்தபின் ஊரின் ஆடுமாடுகள் அனைத்தும் தாள்களில் மேய்வது பழைய வழக்கம். ஆகவே ஒருவர் மட்டும் தம் விருப்பப்படி காலந்தாழ்த்தி விதைத்தால் அவருடைய பயிரே மேய்ச்சலுக்கு இரையாகும். அனைவரும் ஒரே காலத்தில் உழுது, ஒரே காலத்தில் அறுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதனால் எழுந்தது. அக்கட்டாயத்தை நடைமுறைப்படுத்தவே ஊர்மன்றம் தேவைப்பட்டது.

இவ்வூரின் பழைய நிலையைத் துல்லியமாக அறிய நமக்கு ஓர் ஆவணம் துணை செய்கிறது. லாக்ஸ்டனை விலைக்கு வாங்கிய வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன், மார்க் பியர்ஸ் என்ற நில அளவரைக் கொண்டு 1635-ஆம் ஆண்டில் ஊர் முழுவதையும் அளப்பித்தார். ஒவ்வொரு துண்டும், அதன் பரப்பும், அதை வைத்திருந்தவர் பெயரும் அதில் பதியப்பட்டுள்ளன. வரைபடத்தின் இடையிடையே உழுவோரும் அறுப்போரும் சிறு உருவங்களாகத் தீட்டப்பட்டுள்ளனர். அது இப்போது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது.

வேலிகள் வந்த காலம்

1604 முதல் 1914 வரை இங்கிலாந்தின் பாராளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. இவற்றின் வழியே சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் தனித்தனிப் பண்ணைகளாக வேலியிடப்பட்டது. இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. சிதறிய துண்டுகள் ஒன்று சேர்ந்தன. வடிகால் வெட்டுவதும் புதுப்பயிர் முயல்வதும் எளிதாயின. அண்டையார் இசைவுக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது.

ஆயினும் இந்நன்மைகள் எல்லோருக்கும் சமமாகக் கிட்டவில்லை. ஒரு பசுவும் சில வாத்துகளும் வைத்துப் பொதுநிலத்தை நம்பி வாழ்ந்த ஏழைக்கு, வேலியிட்ட பின் மேய்ச்சலுக்கு இடமில்லை. சிறிய பங்கு பெற்றவரும் வேலிச் செலவைத் தாங்க மாட்டாமல் நிலத்தை விற்றுக் கூலியாளாயினர். பொது உரிமை என்பது பத்திரத்தில் எழுதப்படாதவரிடமிருந்தே முதலில் பறிபோயிற்று என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி நிலம் வேலியிடப்படவே செய்தது. கீழை வயல் என்ற நான்காவது சிறு வயலும் மறைந்தது. ஆனால் முக்கிய மூன்று வயல்களுக்கும் அடைப்புச் சட்டம் வரவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கிழாரான மான்வர்ஸ் பிரபுவின் பண்ணையார் குறுகிய துண்டுகளை இணைத்துச் சற்றே அகலமாக்கினர். துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது, முறை மாறவில்லை. இயந்திரக் கலப்பை வந்தபோது இவ்வயல்கள் அதற்கு இடங்கொடுத்துத் தப்பியமைக்கு இத்திருத்தமும் ஒரு காரணமாகும்.

ஜூரியின் நடை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியில், புதிதாகக் கோதுமை விதைத்த வயலைப் பார்வையிட ஊர் உழவர்களிலிருந்து அமர்த்தப்பட்ட 12 ஜூரர்களும் அவர்கள் தலைவரும் புறப்படுகின்றனர். இம்முறையில் ஒவ்வொரு வயலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்வைக்கு உட்படும். எவரேனும் தம் எல்லை தாண்டி உழுதுள்ளனரா, வண்டிப்பாதையைச் சுருக்கியுள்ளனரா, வாய்க்காலைத் தூர்க்கவிட்டுள்ளனரா என்று ஜூரர்கள் கால்நடையாகச் சென்று காண்கின்றனர். எல்லை மங்கிய இடங்களில் மரமுளைகளை அடித்துக் குறியிடுகின்றனர். குற்றங்களைக் குறித்துக்கொண்டு அபராதத் தொகையைத் தமக்குள் கலந்து தீர்மானிக்கின்றனர்.

சுமார் ஒரு வாரத்திற்குப் பின் 'கோர்ட் லீட்' எனப்படும் மன்றம், ஊரிலுள்ள டவ்கோட் விடுதியில் கூடுகிறது. நிலக்கிழாரின் சார்பில் வரும் காரியதரிசி தலைமை வகிக்கிறார். ஊராரின் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுகிறது; வராதவருக்குச் சில காசுகள் அபராதம். ஜூரியின் அறிக்கை படிக்கப்பட்டு எல்லை மீறியோருக்குத் தண்டம் விதிக்கப்படுகிறது. பிறகு மறு ஆண்டு வயலுக்குரிய புதிய ஜூரி பதவிப் பிரமாணம் செய்கிறது. இங்கிலாந்தின் பழைய ஊர்மன்றங்கள் பெரும்பாலும் சடங்காகச் சுருங்கிவிட்டன. 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் வழக்கு விசாரணை அதிகாரத்தை நீக்கியபோதும், வயல்களை ஆளும் பணியில் இருந்த லாக்ஸ்டன் மன்றத்திற்கு விலக்களித்தது.

இம்மன்றத்தின் வலிமை அபராதத் தொகையில் இல்லை. இன்று ஜூரராக எல்லை பார்ப்பவர் நாளை பார்வைக்கு உட்படுகிறார். அடுத்தவர் துண்டில் ஓர் அடி உழுதவரின் பெயர் ஊரார் முன்னிலையில் வாசிக்கப்படுகிறது. அன்றியும், தவறு மூன்றாண்டுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டுவிடுகிறது. பத்தாண்டு கழித்து எழும் எல்லைத் தகராறு எத்துணைப் பகைக்கு வித்திடும் என்பதைக் கிராமப் பணியில் உள்ளோர் அறிவர்.

உழவுக்கு ஏற்காத ஓடையோரப் பள்ளங்களை அவ்வூரார் 'சைக்' என்பர். இவை பொதுப் புல்நிலமாகும். கோடையில் இவற்றின் புல் ஊராரிடையே ஏலம் விடப்படுகிறது. கலப்பை படாமையால் பிற இடங்களில் அருகிப்போன காட்டுப் பூஞ்செடிகள் இங்கே நிலைத்துள்ளன. அதுபற்றி அரசு இப்புல்நிலங்களைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியவையாக அறிவித்துள்ளது. ஒரு கலப்பைச் சால் அளவு சைக்கினுள் புகுவதையும் ஜூரி குற்றமாகக் கருதுவதன் பயன் இது.

உடைமையும் எதிர்காலமும்

லாக்ஸ்டன் உழவர்கள் பெரும்பாலும் குத்தகைதாரர்கள். மான்வர்ஸ் பிரபு தம் உடைமையை விற்க முற்பட்டபோது, 1952-ஆம் ஆண்டில் அரசின் விவசாய அமைச்சகம் அதனை வாங்கிப் பழைய முறையைக் காக்கும் பொறுப்பேற்றது. 1981-ல் அவ்வுடைமை முடியரசுச் சொத்து ஆணையத்திடம் சென்றது. 2018-ல் ஆணையம் அதை விற்க முடிவு செய்தது. ஊராரும் வரலாற்று அறிஞர்களும் கவலையுற்றனர். 2020-ல் தோர்ஸ்பி பண்ணை அதை வாங்கியது. மான்வர்ஸ் பிரபுவின் வழிவந்தோருக்குரியது அப்பண்ணை. இங்ஙனம் நிலம் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய குடும்பத்திடமே திரும்பியது. எழுபது ஆண்டுகளுக்குள் உடைமையாளர் மும்முறை மாறியும் ஜூரியின் நடை தொடர்ந்தது.

ஆனால் எதிர்காலம் உறுதியானது என்று கூறிவிட முடியாது. இன்றைய பெரும் பொறிகளுக்கு இத்துண்டுகள் குறுகியவை. இவற்றை மட்டும் கொண்டு ஒரு குடும்பம் பிழைப்பது கடினம். ஆகவே உழவர்கள் வேலியிட்ட நிலங்களையும் சேர்த்தே பயிரிடுகின்றனர். ஊரிலுள்ள பண்ணைகளின் எண்ணிக்கை முன்னைவிட மிகக் குறைந்துவிட்டது. ஜூரிக்குப் பன்னிருவரைத் தர ஊரில் உழவர் வேண்டும். வரைபடத்தை நூலகம் காக்கும். புல்நிலத்தைச் சட்டம் காக்கும். மன்றத்தை அங்குக் குடியிருந்து உழுவோரைத் தவிர வேறெவரும் காத்தல் இயலாது. இளைஞர்கள் உழவில் நிலைக்கும் வருவாய் அவ்வூரில் கிட்டுமா என்பதிலேயே இம்முறையின் ஆயுள் அடங்கியுள்ளது.

பொதுவானதைக் காப்பதற்குப் பெருஞ்செலவோ பெரும்படையோ தேவை என்று நாம் எண்ணுவது இயல்பு. லாக்ஸ்டன் செலவிடுவது ஆண்டுக்கு ஒரு நாள் நடை, சில மரமுளைகள், ஒரு மாலைக் கூட்டம். அவற்றை ஓர் ஆண்டும் தவறவிடாமல் செய்வதே அவ்வூராரின் ஒழுங்கு. ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோர் இவ்வொழுங்கைச் சிந்தித்துப் பார்ப்பது பயனுடையதாகும். எல்லையைப் பயன்படுத்துவோரே ஆண்டுதோறும் ஒன்றுகூடி நடந்து பார்க்கும் ஊரில், வண்டிப்பாதை சுருங்குவதற்கு முன்பே அதைக் கேட்பார் இருப்பர்.