தாளத்தை எடுத்துட்டா கை எங்க போகும்?

எட்டு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்ட ஒருத்தன்கிட்ட, "தாளமே வேண்டாம், தோணுறதை வாசி"ன்னு சொன்னா என்ன ஆகும்? கை ஓடாது. போன செமஸ்டர் ஹாஸ்டல் மொட்டைமாடியில் எனக்கு அதான் நடந்துச்சு. நண்பன் கிடாரில் ஏதோ ஆரம்பிச்சான். நான் சமத்தைத் தேடிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் அந்த நேரத்தில் தோணுறதை வாசிக்கிறது நமக்குப் புதுசு இல்ல. எங்க ஊர் வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம். திருவிழாவில் சாமி புறப்பாடு வரும்போது நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை விரிச்சு வாசிச்சுக்கிட்டே நடப்பார். எழுதி வச்சு வாசிக்கிறது இல்ல அது. இதுக்குப் பேர் மனோதர்மம். ஆனா வேலி உண்டு. ஆலாபனைக்குத் தாளம் கிடையாது, ராகத்தைத் தாண்டக் கூடாது. தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம்தான் வேலி.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆதி தாளத்தில் 8 அட்சரம். ஒவ்வொண்ணுக்கும் 4 மாத்திரைன்னா மொத்தம் 32. 'ததிகிணதோம்' 5 மாத்திரை. அதை மூணு தடவை, நடுவில் ரெண்டு ரெண்டு மாத்திரை விட்டு வாசிச்சா 19. அப்போ 13 மாத்திரை கழிச்சு ஆரம்பிச்சாதான் அடுத்த சமத்தில் சரியா வந்து இறங்கும்.

ஜாஸிலும் இப்படி ஒரு சுற்று இருக்கு. ஆனா அங்க சுற்றி வர்றது கார்டு வரிசை. கார்டு மாற மாற, வாசிக்கிறவர் எடுக்கிற ஸ்வரமும் மாறும். நம்மகிட்ட கார்டு கிடையாது. அப்போ ரெண்டு பேரும் எங்க சந்திக்கிறது?

'சக்தி' குழு இதுக்கு ஒரு வழி காட்டுச்சு. மைல்ஸ் டேவிஸோட வாசிச்ச கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன். 1975-ல் நியூயார்க்கில் வாசிச்ச கச்சேரிதான் முதல் ஆல்பம். மெக்லாஃப்லின் கார்டுகளைப் பெரும்பாலும் ஒதுக்கிட்டு ராகத்துக்குள்ள வந்தார். அவர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கத்துக்கிட்டவர். பிறகு விக்குவின் மகன் செல்வகணேஷும் சேர்ந்தார். 2023-ல் வந்த 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்துக்கு அடுத்த வருஷம் கிராமி கிடைச்சது.

வேலியையே எடுத்துட்டா? 1960-ல் ஆர்னெட் கோல்மன் ரெண்டு நால்வர் குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்க வச்சு, கார்டு வரிசை இல்லாம சுமார் 37 நிமிஷம் பதிவு பண்ணார். பேரே 'ஃப்ரீ ஜாஸ்'. பின்னால் வந்தவங்க நிலையான தாளத்தையும் விட்டுட்டாங்க.

மொட்டைமாடிக்கு வருவோம். அரைமணி நேரம் கழிச்சு எண்ணுறதை நிறுத்தினேன். அவன் தந்தியை இழுத்தா தொப்பியில் ஒரு கும்கி, அவன் நிறுத்தினா நானும் நிறுத்தினேன். அப்புறம்தான் புரிஞ்சது: பாடகர் அடுத்து எங்க போவார்னு காது கொடுத்துக் கேட்கிறதுதானே பக்கவாத்தியக்காரர் வேலை! கடக்காரர் வாசிச்சதை அப்படியே திருப்பி வாசிக்கணும்னு எங்க வாத்தியார் விரட்டினதும் இதுக்குத்தான்.

தாளத்தை எடுத்தாலும் அந்தக் காது நம்மகிட்டதான் இருக்கு. சங்கீதம் கத்துக்கிட்டு, "கச்சேரிக்கு மட்டும்தான் இது"ன்னு மூட்டை கட்டி வச்சவங்க யாராவது இருந்தா, சனிக்கிழமை ராத்திரி மாடிக்கு வாங்க. வாத்தியத்தை மறக்காம எடுத்துட்டு வாங்க.