தூத்துக்குடியைப் பிடிக்கும் மரச்சட்டம்

2022 மார்ச் மாதக் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் நின்ற நாட்களில், கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருந்தபடி பற்றரி றேடியோவில் மத்திய அலையைத் திருப்பினேன். தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹேர்ட்ஸில் பக்கத்து வீட்டிலிருந்து கதைப்பதுபோல் கேட்டது. கரண்ட் வந்த நிமிடமே அந்தக் குரலை இரைச்சல் மூடிவிட்டது. மத்திய அலை செத்துப்போய்விட்டது என்று யார் சொன்னாலும் இந்த அனுபவத்தைத்தான் எடுத்துச் சொல்கிறேன். அலை இப்போதும் யன்னல்வரை வருகிறது. அதை நாம் கேட்கவிடாமல் செய்வது நம் வீட்டுச் சாமான்கள்.

எல்.ஈ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வேர்ட்டர் ஏ.சி. எல்லாமே கரண்டை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு வெட்டும் மத்திய அலைப் பகுதி முழுக்க இரைச்சலாகச் சிதறுகிறது. சுவருக்குள் ஓடும் வயர்கள் அதைக் கட்டடம் முழுவதும் பரப்புகின்றன.

நான் கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் றேடியோ திருத்திய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கூரையிலிருந்து எதிரே நின்ற ஈரப்பலா மரத்துக்கு ஒரு நீளக் கம்பி, தண்ணீர்க் குழாயில் ஒரு எர்த் வயர். வால்வ் றேடியோவுக்கு அதுவே போதும். இன்றைக்கு அதே கம்பியைத் தொடர்மாடி பல்கனியில் கட்டினால் நிலையத்தோடு சேர்த்து ஏழு மாடி இரைச்சலையும் அள்ளிவரும். “உயரமாகக் கட்டு, நீளமாகக் கட்டு” என்ற பழைய புத்திமதி இங்கே எடுபடாது. நகரத்துக்குத் தேவை திருப்பக்கூடிய ஏரியல். அதைத்தான் லூப் ஏரியல் என்கிறோம்: மரச்சட்டத்தில் சுற்றிய கம்பி.

இது புதுச் சரக்கும் அல்ல. கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களை வைத்து ஒலிபரப்பைச் சோதித்துப் பார்த்தது 1920களில். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் மேல்நாட்டு வீடுகளில் விலை கூடிய றேடியோக்களின் மேலேயே பெரிய கம்பிச் சட்டம் நிற்கும். பின்னர் ஃபெரைட் என்ற கறுப்புக் கம்பு வந்து, அந்தச் சட்டத்தைப் பெட்டிக்குள் விரல் நீளத்துக்குச் சுருக்கிவிட்டது. வசதிதான், ஆனால் பெரிய சட்டம் பிடிக்கும் அளவு அலையை அந்தச் சிறு கம்பு பிடிக்காது.

நான் செய்து வைத்திருப்பது பக்கத்துக்கு 60 சென்ரிமீற்றர் கொண்ட சதுரம். 85 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்காகப் பூட்டி, நான்கு நுனியிலும் எட்டு சென்ரிமீற்றர் அகலப் பலகைத்துண்டு வைத்து, 6 மில்லிமீற்றர் இடைவெளியில் வாளால் கீறல் போட்டேன். பிளாஸ்டிக் உறையிட்ட சாதாரண வயர் 12 சுற்று, ஏறத்தாழ 30 மீற்றர். சுற்றுகளை ஒட்டி ஒட்டிச் சுற்றாதீர்கள். கம்பிகள் நெருங்கினால் அவற்றுக்கிடையே தேவையில்லாத கொள்ளளவு கூடும், மேல் அலைகள் எட்டாமல் போகும். வயரின் இரண்டு முனையும் பழைய வால்வ் றேடியோவில் இருக்கும் கேங் கண்டென்சருக்குப் போகும்: ஒரு முனை நிற்கும் தட்டுகளுக்கு, மற்றது சுழலும் தட்டுகளுக்கு. 500 பிகோஃபாரட் கேங் கிடைத்தால் கீழே 531இலிருந்து மேலே ஏறத்தாழ 1500 கிலோஹேர்ட்ஸ் வரை பிடிக்கலாம். மேல்பகுதி இன்னும் வேண்டுமென்றால் ஒரு சுற்றைக் கழற்றுங்கள்.

கேங் கிடைக்காதவர்கள் சின்ன டிரான்சிஸ்டர் றேடியோவின் பிளாஸ்டிக் கண்டென்சரைப் போடலாம். அதன் இரண்டு பகுதிகளையும் சேர்த்து இணைத்தால் திருச்சியின் 936க்கும் தூத்துக்குடியின் 1053க்கும் அது காணும். சென்னையின் 720க்கு எட்டாது.

சட்டத்தையும் றேடியோவையும் வயரால் இணைக்கத் தேவையில்லை. றேடியோவின் ஃபெரைட் கம்பு சட்டத்தின் நடுவை ஊடுருவிப் பார்ப்பதுபோல் பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் போதும். நிலையத்தை றேடியோவில் பிடித்துவிட்டுக் கேங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் எழும்பி வரும். நல்ல சட்டம் அந்த இடத்தைக் கூர்மையாகக் காட்டும்: 1000 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் 10 கிலோஹேர்ட்ஸ் அகலம் வந்தால் சுற்றும் கண்டென்சரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். நம் பகுதியில் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் 9 கிலோஹேர்ட்ஸ்தான் இடைவெளி என்பதால் இந்தக் கூர்மை பெரிய உதவி.

அடுத்தது திருப்புவது. பலர் சட்டத்தின் விளிம்பை நிலையத்தின் பக்கம் நீட்டிவிட்டு, அத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். விளிம்பு நீளும் திசையில் சட்டம் அதிகம் பிடிக்கும் என்பது சரிதான். ஆனால் 30 பாகை விலகினாலும் நூற்றுக்கு 86 பங்கு அப்படியே கிடைக்கும். சட்டத்தின் அகன்ற முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கிருந்து வருவது மட்டும் அநேகமாக முழுதும் அறுந்துபோகும்; அந்த இடம் மிகக் குறுகியது. அதனால் நிலையத்தைத் தேடாதீர்கள், இரைச்சலைத் தேடுங்கள். றேடியோவையும் சட்டத்தையும் ஒரே சுழலும் பலகையில் வைத்து, இரைச்சல் அடங்கும்வரை பாகை பாகையாகத் திருப்புங்கள். தூத்துக்குடி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பேச்சு தெளிந்து வரும். முதலில் உங்கள் வீட்டு பல்புகளையும் சார்ஜர்களையும் நிறுத்திவிட வேண்டும். அறை முழுக்கச் சுற்றிவரும் இரைச்சலுக்கு ஒரு திசை என்று இல்லை. அதைத் திருப்பி விலக்க முடியாது.

வெள்ளவத்தைக்காரருக்கு ஒரு பாக்கியம், மேற்கே கடல். உப்புநீர் சாதாரண நிலத்தைவிட ஆயிரம் மடங்களவு மின்சாரத்தைக் கடத்தும். அதனால் மேற்பரப்பை ஒட்டி வரும் தரையலை கடலின்மேல் மிகக் குறைந்த இழப்போடு வரும். தூத்துக்குடி இங்கிருந்து வடமேற்கே ஏறக்குறைய 280 கிலோமீற்றர், வழி முழுக்க மன்னார் வளைகுடா, நிலையத்தின் வலு 200 கிலோவாட். பட்டப்பகலில் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டுக் கரையோர வீடுகளில் ஒலித்தபோதும் இதே கடல்தான் துணை நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் துறைமுகப் பக்கம் கடல்தான். சென்னை நேர் வடக்கே. வழியில் புத்தளத்தின் 882 கிலோஹேர்ட்ஸ் நிலையம் பலமாக நிற்கிறது. இரண்டும் ஒரே திசை என்பதால் திருப்பிப் பிரிக்க வழியில்லை. அங்கே சட்டத்தின் கூர்மை ஒன்றுதான் கைகொடுக்கும். இரவில் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகளும் சேர்வதால் தூரத்து நிலையங்கள் ஏறி இறங்கும். அதைச் சட்டத்தால் சரிசெய்ய முடியாது.

கொங்கிறீட்டுக்குள் ஓடும் இரும்பு அலையை விழுங்கும். ஆகவே கடல் பக்க யன்னலோரமே சட்டத்துக்கு இடம், ஆனால் யன்னலின் இரும்புக் கிராதியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி. மரத்துக்கு இரண்டு தடவை வார்னிஷ் பூசுங்கள். மரைன் டிரைவ் காற்றில் உப்பு இருப்பதால் கேங்கின் தட்டுகளை மாதத்துக்கொரு தரம் தூரிகையால் துடைக்க வேண்டும், தட்டு வளையாமல்.

இன்றைக்குக் கிடைக்க அருமையான சாமான் அந்தக் கேங்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயரும் கைப்பிடியும் தாராளமாக வாங்கலாம். காற்றிடைத் தட்டுக் கண்டென்சரை இப்போது யாரும் புதிதாகக் கொண்டுவருவதில்லை. அப்பாவின் வால்வ் றேடியோ அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் பின்மூடியைத் திறந்து, கேங்கைக் கழற்றி எடுத்து வையுங்கள்.