மண்டையில் முளைத்த ஆன்டெனா

மூளை அலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. மின்முனைகள் ஒட்டிய தலையோடு ஒருவரை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அனுப்பும்போது எல்லோரும் பயப்படுவது காந்தத்துக்கு. ஆனால் மின்முனையில் இருக்கும் வெள்ளியையோ தங்கத்தையோ காந்தம் இழுப்பதில்லை. சூடு வைப்பது வேறு ஆள்: கூடவே வரும் ரேடியோ அலை.

1.5 டெஸ்லா காந்த வலிமை கொண்ட கருவி உடலின் ஹைட்ரஜன் அணுக்களைத் தட்டி எழுப்ப அனுப்புவது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அலை. பழைய வி.எச்.எஃப். தொலைக்காட்சியில் நான்காம் சேனலுக்கு ஒதுக்கியிருந்த இடம் அது. மொட்டை மாடி ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்கள் அலையின் நீளத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. 64 மெகாஹெர்ட்ஸுக்குக் காற்றில் அலைநீளம் 4.7 மீட்டர், அதில் பாதி நீளக் கம்பி அலையை நன்றாக வாங்கிக்கொள்ளும். உடல் திசுவுக்குள் அதே அலை அரை மீட்டராகச் சுருங்குகிறது. 3 டெஸ்லாவில் கால் மீட்டர் சொச்சம். தோலை ஒட்டிக் கிடக்கும் ஈ.ஈ.ஜி. வயருக்கான அளவு காற்றுக்கும் திசுவுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சாதாரண வயரின் நீளமே அதற்குள் அடங்கிவிடும்.

மாடி ஆன்டெனா பிடித்ததை டி.வி. பெட்டிக்குக் கொடுத்தது. இங்கே பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் தலைத்தோல். கம்பியின் முனையில் மின்புலம் குவிவதால் சூடு வயர் நெடுகப் பரவாமல், மின்முனை தொடும் காசளவு வட்டத்தில் இறங்குகிறது. மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இன்னொருவர் "தெரியுது, தெரியுது, அய்யோ போச்சு" என்று கத்திய கதைதான்: வயர் கிடக்கும் கோணம், குழாய்ச் சுவரிலிருந்து அதன் தூரம், எல்லாமே சூட்டை மாற்றும். காக்கை வந்து உட்காருவது மட்டுமே பாக்கி.

மிச்ச வயரை அழகாகச் சுருட்டி வைப்பது வார்டில் நல்ல பழக்கம். ஸ்கேன் அறையில் அந்தச் சுருளே மாறும் காந்தப்புலத்தில் மின்னோட்டம் ஓட வழி கொடுக்கும் வளையம்.

வரலாறு சுருக்கம்தான். 1924இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலையை முதலில் பதிந்தார். 1993இல் ஐவ்ஸ் குழு எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே அதைப் பதிந்து காட்டியது. வலிப்பு மூளையில் எங்கே கிளம்புகிறது என்று அறியும் ஆசை பலரை இந்தப் பக்கம் இழுத்தது.

தீர்வு வியக்கத்தக்க அளவுக்கு எளிது. ஒவ்வொரு மின்முனையை ஒட்டியும் சில ஆயிரம் ஓம் மின்தடை. ஆம்ப்ளிஃபயரின் உள்தடை அதைவிடப் பல மடங்கு பெரிது என்பதால், மைக்ரோவோல்ட் கணக்கில் வரும் மூளை அலை ஏறக்குறைய சேதாரமில்லாமல் போய்ச் சேரும். ரேடியோ அலை தூண்டும் மின்னோட்டத்துக்கு அது வேகத்தடை. மற்றபடி வயர் குட்டையாக, நேராக, குழாயின் நடு அச்சோடு வெளியேற வேண்டும். பதிவில் ஸ்கேனர் இரைச்சலும் இதயத் துடிப்பின் ஆட்டமும் மூளை அலையை மூழ்கடிக்கும். அவற்றைக் கணினி கழித்துத் தருகிறது.

சி.டி. ஸ்கேனில் இந்தச் சூட்டுத் தொல்லை இல்லை. உலோகம் படத்தில் கீற்றுகள் இழுக்கும், அவ்வளவே.

"எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது" என்று விளம்பரம் சொன்னால் போதாது. எத்தனை டெஸ்லா, அலை அனுப்பும் சுருள் (காயில்) எது, எந்த வகை ஸ்கேன் என்பதையும் சேர்த்தே அந்தச் சான்று. 1.5 டெஸ்லாவில் தேறிய மின்முனைத் தொப்பி 3 டெஸ்லாவில் தேறும் என்று எந்த விதியும் இல்லை. அலைநீளம் பாதியாகும்போது அதே வயர் வேறு ஆன்டெனா. விழித்திருப்பவர் "சுடுது" என்று பொத்தானை அழுத்துவார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் கிடப்பவரால் முடியாது. அதனால்தான், தகுந்த மின்முனை கைவசம் இல்லாதபோது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்கேன் முடிந்தபின் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டுகிறார்கள்.