வெடிச்சத்தம் கேட்டா ஓடிப்போய் பார்க்காதீங்க!

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் "டமார்" என்று ஒரு சத்தம் கேட்டால் போதும். டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். "எந்தப் பக்கம்யா?" என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் ரோட்டுக்கு வருவார்கள். புகை எங்கே என்று தேடுவார்கள். அடுத்த நிமிடம் மோட்டார் சைக்கிள்கள் அந்தப் பக்கம் பறக்கும்.

அந்த ஓட்டம்தான் எமன்!

40 பேர் பலி

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி பகல் நேரம். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. புகையைப் பார்த்து பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடினார்கள். காப்பாற்றப் போனவர்கள் உண்டு. வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. கூட்டம் கூடிய பிறகுதான் பெரிய வெடி வெடித்தது. சுமார் 40 பேர் செத்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல!

பட்டாசு ஆலை ஒரே கட்டிடம் அல்ல. இடைவெளி விட்டு சின்னச்சின்ன அறைகளாக இருக்கும். மருந்து கலப்பது ஓர் அறை. அடைப்பது இன்னோர் அறை. சரக்கு அடுக்கும் குடோன் தனி. ஓர் அறையில் வெடித்து கங்கு பறந்தால் அடுத்த அறை பற்றும். அதனால் முதலில் கேட்ட சத்தத்தோடு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவதும் ஆபத்து. மருந்தில் இருக்கிற அலுமினியப் பவுடர் பற்றி எரியும்போது தண்ணீர் பட்டால் இன்னும் சீறும்.

புகையும் கொல்லும்

2016 அக்டோபர் 20-ந்தேதி சிவகாசி ஊருக்குள்ளேயே ஒரு விபத்து. வேனில் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்தது. 8 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்தவர்கள். கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரக்கூடாது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்தி, குனிந்தபடி வெளியேற வேண்டும். பின்பக்கம் வழி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அட்டைப்பெட்டி அடுக்கி அடைத்திருந்தால் எடுத்துப்போடுங்கள்.

அம்மா போனை எடுக்கலையே!

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது. சத்தம் கேட்டு வீட்டிலிருந்து அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் இருக்காது. அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். தப்பி வந்தவர் எந்த வீட்டுக்கு வர வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கூப்பிடப் போவது சித்தியா, பாட்டியா என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நம்பர்களை ஒரு தாளில் எழுதி சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுங்கள். வேலை முடிந்து வருகிறவர், மருந்துத்தூள் படிந்த துணியோடு நேரே அடுப்படிக்குப் போகக்கூடாது. குளித்து மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. "நாலு காசு சேர்த்து வருமே" என்று மருந்தையே வீட்டுக்குக் கொண்டுவந்து வெடி அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலிக்குழாய் சுற்றுவது வேறு. மருந்து வேறு. அது சட்டப்படி குற்றம். அதைவிட, அதே வீட்டில்தான் கேஸ் அடுப்பு எரிகிறது, குழந்தை தூங்குகிறது. எந்த ஏஜெண்டு சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

இட்லி மாவு தடவாதீங்க

தீக்காயத்தில் இங்க், பற்பசை, மஞ்சள், இட்லி மாவு என்று எதையாவது அப்புகிறார்கள். எல்லாமே தப்பு. ஐஸும் வேண்டாம். சாதாரண குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓட விடுங்கள். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள். சதையோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான வேட்டித் துணியால் லேசாக மூடினால் போதும்.

பிறகு 108. ஆலைகள் காட்டுக்குள் இருக்கும். "சிவகாசிப் பக்கம்" என்று சொன்னால் ஆம்புலன்சுக்கு எப்படித் தெரியும்? எந்த ஊர், எந்த ரோடு, எந்தக் கோவிலிலிருந்து திரும்ப வேண்டும் என்று நிதானமாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பையனை மெயின்ரோட்டில் நிறுத்தி, வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள்.